வல்லூறு, வைரி, மெர்லின்: தரைப் பறவைகள் கடலுக்குப் போன கதை

ஆரணியிலிருந்து அரக்கோணம் பக்கம் போய்வருகிறவர்கள், தாழ்வாக வட்டமடித்து இறங்கும் பெரிய சாம்பல் நிற விமானங்களைப் பார்த்திருப்பீர்கள். அவை நம் கடற்படையின் பி-8ஐ ரோந்து விமானங்கள். அந்தத் தளத்துக்குப் பெயர் ஐ.என்.எஸ். ராஜாளி. 1992 மார்ச் மாதம் அந்தப் பெயரில் தொடங்கினார்கள். ஓடுதளம் மட்டும் அதற்கும் வெகு முந்தையது, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போட்டது.

கடற்படைத் தளத்துக்குத் தமிழ்ப் பறவையின் பெயரா என்று பலர் என்னிடம் வியந்திருக்கிறார்கள். அதை ஆரம்பித்து வைத்தவர்களே வெள்ளைக்காரர்கள்தான். பிரிட்டிஷ் கடற்படையில் ஒரு வழக்கம் உண்டு. கரையில் இருக்கும் விமானத் தளத்தையும் ஒரு கப்பலாகவே பாவித்து, அதற்கு ஒரு பறவையின் பெயரை வைப்பார்கள். போர்க் காலத்தில் நம் பக்கம் வந்தபோது உள்ளூர்ப் பறவைகளைத் தேடினார்கள். தாம்பரத்துத் தளம் எச்.எம்.எஸ். வல்லூறு ஆயிற்று. சூலூர்த் தளம் எச்.எம்.எஸ். வைரி. கோயம்புத்தூரில் இருந்த விமானப் பழுதுபார்க்கும் பணிமனை எச்.எம்.எஸ். கருடா. இலங்கையில் புத்தளத்துத் தளத்துக்கு ராஜாலியா என்று சிங்களப் பெயர். அதுவும் நம் ராஜாளிதான்.

கோயம்புத்தூரில் ஏது கடல்? கடற்படைக்கு அங்கே என்ன வேலை? அதைச் சொல்ல வேண்டுமென்றால் கப்பலில் இறங்கும் விமானங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது எனக்குக் கொஞ்சம் தெரிந்த விஷயம். நெசவுக் குடும்பத்தில் பிறந்திருந்தாலும் தறியில் உட்காராமல் கடற்படையில் சேர்ந்து, 1970களில் பழைய விக்ராந்த் கப்பலின் மேல்தளத்தில் விமான மெக்கானிக்காக வேலை பார்த்தவன் நான்.

போன வருஷம் பிரான்சிடமிருந்து நம் கடற்படை 26 ரஃபேல் விமானங்கள் வாங்க ஒப்பந்தம் போட்ட செய்தி வந்தபோது என் பேரன் கேட்டான்: "விமானப்படையிலதான் நல்ல நல்ல விமானம் இருக்கே தாத்தா. அதுல ஒரு கொக்கிய மாட்டிக் கப்பல்ல இறக்கிட வேண்டியதுதானே?" சின்னப் பையன் கேட்டதாக நினைக்காதீர்கள். 1940-இல் பிரிட்டனின் பெரிய பெரிய அதிகாரிகளும் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். அதற்குக் கிடைத்த பதில்தான் இந்தக் கட்டுரை.

முதலில் என்ஜினைப் பற்றி இரண்டு வார்த்தை. புல்லட் மோட்டார் சைக்கிளைப் பார்த்தவர்களுக்கு அதன் என்ஜினைச் சுற்றித் தகடு தகடாக இருப்பது தெரியும். ஓடும்போது அடிக்கும் காற்றே அதைக் குளிர வைக்கிறது. அம்பாசிடர் கார் அப்படியில்லை. ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஜவ்வாது மலை ஏற்றத்தில் ஆவி கிளம்பி, ஓரமாக நிறுத்தி, செம்பில் தண்ணீர் தேடிய அனுபவம் நம் வயசுக்காரர்கள் எல்லோருக்கும் இருக்கும்.

அந்தக் கால விமானங்களிலும் இந்த இரண்டு ஜாதி உண்டு. காற்றில் குளிரும் என்ஜினில் சிலிண்டர்கள் வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் போல வட்டமாக நிற்கும். அதனால் விமானத்தின் முகம் அகலமாக இருக்கும், காற்றை முட்டிக்கொண்டு போகும். திரவத்தில் குளிரும் என்ஜினில் சிலிண்டர்கள் ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு வரிசையில் நிற்கும். மூக்கு ஒடுக்கமாக, நீளமாக இருக்கும். காற்றைக் கிழித்துக்கொண்டு போகும். இந்த இரண்டாவது ஜாதியில் பேர்போனது ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனியின் மெர்லின். 12 சிலிண்டர், 27 லிட்டர். மெர்லின் என்பதும் வல்லூறு இனத்தைச் சேர்ந்த ஒரு சின்ன வேட்டைப் பறவையின் பெயர்தான். 1940-இல் இங்கிலாந்தைக் காப்பாற்றிய ஹரிக்கேன், ஸ்பிட்ஃபயர் இரண்டும் இந்த என்ஜினில் பறந்தவை.

இரண்டும் தரைக்காகச் செய்த விமானங்கள். கடலுக்குப் போவது அவற்றின் கணக்கிலேயே இல்லை. அமெரிக்கக் கடற்படையோ 1920களிலேயே காற்றில் குளிரும் என்ஜின்தான் கப்பலுக்கு ஏற்றது என்று முடிவு கட்டிவிட்டது. ரேடியேட்டர் வேண்டாம், குழாய் வேண்டாம், ஒழுகும் என்ற பயம் வேண்டாம். ஜப்பான்காரர்களின் பிரசித்தி பெற்ற ஜீரோ விமானமும் காற்றில் குளிர்வதுதான். பிரிட்டிஷ் கடற்படையிடம் மட்டும் போர் தொடங்கியபோது வேகமான சண்டை விமானம் எதுவுமே இல்லை.

தரை விமானம் கப்பலில் இறங்குமா என்ற கேள்விக்கு முதல் பதில் ஒரு நெருக்கடியில் கிடைத்தது. 1940 ஜூன். நார்வேயை விட்டு பிரிட்டிஷ் படை பின்வாங்கிக்கொண்டிருந்தது. அங்கிருந்த 46-ஆம் பிரிவின் ஹரிக்கேன்களை எரித்துவிட்டு வரும்படி உத்தரவு. தலைவர் கென்னத் கிராஸுக்கு மனம் வரவில்லை. குளோரியஸ் என்ற விமானம் தாங்கிக் கப்பலில் இறக்கிப் பார்க்கிறோம் என்று அனுமதி வாங்கினார். கொக்கி கிடையாது. அந்த விமானிகள் கப்பலில் இறங்கிப் பழகியவர்களும் இல்லை. பிரேக் போட்டால் மூக்குக் குப்புற விழாமலிருக்க வாலில் மணல் மூட்டை வைத்தார்கள். பத்து ஹரிக்கேன்கள் கிளம்பின. பத்தும் பத்திரமாக இறங்கின.

அடுத்து நடந்ததுதான் கொடுமை. ஜூன் 8 அன்று இரண்டு ஜெர்மன் போர்க்கப்பல்கள் குளோரியஸைச் சுட்டு மூழ்கடித்தன. உடன் வந்த இரண்டு கப்பல்களையும் சேர்த்து 1,500 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தப் பிரிவின் விமானிகளில் பிழைத்தவர்கள் இரண்டே பேர், கிராஸும் ஜேம்சன் என்பவரும். ஆனாலும் ஒரு விஷயம் ருசுவாகிவிட்டது. தரை விமானம் கப்பலில் இறங்கும்.

அதன் பிறகு வேலை மும்முரமானது. ஹரிக்கேனுக்கு அடிவயிற்றில் கொக்கி மாட்டி சீ ஹரிக்கேன் என்றார்கள். 35 சரக்குக் கப்பல்களின் முன்பக்கத்தில் ராக்கெட் வைத்த சட்டம் ஒன்றைப் பொருத்தி, அதில் ஒரே ஒரு ஹரிக்கேனை நிறுத்தினார்கள். எதிரி விமானம் தெரிந்தால் ராக்கெட்டைப் பற்றவைத்து ஹரிக்கேனைக் கிளப்புவார்கள். திரும்பி வந்து இறங்க இடம் கிடையாது. கரை எட்டும் தூரத்தில் இல்லையென்றால், விமானி சண்டை முடிந்ததும் பாரசூட்டில் கடலில் குதிக்க வேண்டும். கப்பல்காரர்கள் தேடி எடுத்தால் உயிர். விமானத்தோடு கடலில் இறங்கினால் என்ன என்று கேட்பீர்கள். அங்கேதான் அந்த ரேடியேட்டர் குறுக்கே வருகிறது. ஹரிக்கேனுக்கு ரேடியேட்டர் அடிவயிற்றில் தொங்கும். தண்ணீரைத் தொட்டதும் அது அகப்பை போலக் கடலை வாரும். விமானம் தலைகுப்புறப் போகும்.

இந்த நேரத்தில்தான் கதை நம் கடலுக்கு வருகிறது. 1942 மார்ச்சில் இண்டாமிடபிள் என்ற கப்பல் விமானப்படையின் ஹரிக்கேன்களை ஏற்றி வந்து, இலங்கைக்கு எட்டும் தூரத்தில் கிளப்பிவிட்டது. அவை கொழும்பை அடுத்த ரத்மலானைக்கும் திருகோணமலைக்கும் போய்ச் சேர்ந்தன. ஒரு மாதம் கழித்து, ஏப்ரல் 5 ஈஸ்டர் ஞாயிறு அன்று, ஜப்பானியக் கப்பல்களிலிருந்து வந்த விமானங்கள் கொழும்பைத் தாக்கின. ஏப்ரல் 6 விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. ஏப்ரல் 9 திருகோணமலை. அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானம் தாங்கிக் கப்பல் மூழ்கியது. பெயர்தான் விமானம் தாங்கி. அன்றைக்கு அதன் மேல் ஒரு சண்டை விமானம்கூட இல்லை. கரையிலிருந்து உதவிக்குக் கிளம்பியவை வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. 300 பேருக்கு மேல் இறந்தார்கள்.

சென்னைப் பட்டணமே காலியாகி ஊர் ஊராக ஜனங்கள் ஓடியது அந்த ஏப்ரலில்தான். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் "ஜப்பான்காரன் குண்டு போட வர்றான்" என்று ஓடிவந்த கதையைச் சொல்லியிருப்பார்கள். எங்கள் வீட்டிலும் சொல்வார்கள்.

இப்போது கோயம்புத்தூர்க் கேள்விக்கு விடை புரிந்திருக்கும். திருகோணமலையும் கொழும்பும் குண்டுக்கு எட்டும் இடங்களாகிவிட்டன. விமானங்களைப் பிரித்து மேய்ந்து பழுதுபார்க்க, கடற்கரையிலிருந்து தள்ளி, காய்ந்த காற்றும் மெஷின் வேலை பழகிய ஊரும் வேண்டும். மில்களும் பட்டறைகளும் இருந்த கோயம்புத்தூரைவிடப் பொருத்தமான இடம் தெற்கே ஏது? 1942-இலேயே கருடா அங்கே வந்தது. பிறகு 1944-இல் வல்லூறு, 1945-இல் வைரி.

பழுதுபார்க்க அவ்வளவு என்ன இருந்தது? எதிரி சுட்டு உடைந்தவை மட்டுமில்லை. இறங்கும்போது உடைந்தவையும் ஏராளம். இதுதான் முக்கியமான விஷயம்.

1942 தொடக்கத்தில் ஸ்பிட்ஃபயரையும் கப்பலில் இறக்கிச் சோதித்தார்கள். கொக்கி மாட்டிய அந்த விமானத்துக்கு சீஃபயர் என்று பெயர். வானத்தில் அது ராஜா. கப்பலுக்கு வந்தால் நான்கு குறைகள்.

ஒன்று, கால். ஸ்பிட்ஃபயரின் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே ஆறடிகூடக் கிடையாது. புல்தரையில் மெதுவாக வந்து உட்கார அந்தக் கால் போதும். கப்பலில் அப்படி உட்கார முடியாது. தளம் மேலே எழும்பிக்கொண்டிருக்கும்போது விமானம் கீழே விழுந்துகொண்டிருக்கும். நான் விக்ராந்தில் பார்த்த சீ ஹாக் விமானங்கள் கடலுக்கென்றே செய்தவை. அவையே இறங்கும்போது தளம் அதிரும், காலடியில் உணரலாம். கோட்டை மைதானத்தில் ஒரு விமானத்தை இறக்கச் சொல்லி, மைதானத்தையும் யாரோ மேலும் கீழும் ஆட்டினால் எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இரண்டு, மூக்கு. ஒடுக்கமான நீள மூக்கு காற்றைக் கிழிக்க நல்லது. இறங்கும்போது மூக்கு மேலே தூக்கும், விமானிக்கு முன்னால் இருக்கும் தளமே மறைந்துவிடும். ஆகவே நேராக வராமல் வளைந்து வந்து, கடைசி நொடியில் நேராக்கி இறங்குவார்கள். தளத்தின் ஓரத்தில் இரண்டு கையிலும் மட்டை பிடித்த ஓர் ஆள் சைகை காட்டுவார். அவரை நம்பித்தான் உயிர். கொக்கி வடத்தைப் பிடித்ததும் கனமான மூக்கு குனியும், புரொப்பல்லர் தளத்தைக் கொத்தும். புரொப்பல்லர் போனால் அன்றைக்கு அந்த விமானம் பறக்காது.

மூன்று, இறக்கை. ஸ்பிட்ஃபயருக்கு இறக்கை நுனிக்கு நுனி 36 அடி 10 அங்குலம். பல கப்பல்களின் லிஃப்ட் அகலம் 22 அடிதான். மடக்காத இறக்கையோடு கீழே கொண்டுபோக முடியாது. மழையும் உப்புக் காற்றும் படத் தளத்திலேயே கட்டிப்போட வேண்டும். அடுத்து வந்த மூன்றாவது ரகத்தில்தான் இறக்கையை மேலே மடக்கி, அதன் நுனியைத் திரும்பக் கீழே மடக்கினார்கள். ஆட்கள் நின்று கையாலேயே மடக்க வேண்டும்.

நான்கு, நான் முன்னமே சொன்ன குளிர்விக்கும் திரவம். தண்ணீரும் கிளைக்காலும் கலந்தது. ஒரு குண்டு ரேடியேட்டரில் பட்டால் போதும், சில நிமிஷத்தில் என்ஜின் சூடேறி நின்றுவிடும். தரையில் என்றால் ஏதாவது வயலில் இறங்கலாம். கடலில் எங்கே இறங்குவது?

இந்த நான்கும் சேர்ந்து என்ன செய்யும் என்பது 1943 செப்டம்பரில் தெரிந்தது. இத்தாலியில் சலேர்னோ கடற்கரையில் நேச நாட்டுப் படை இறங்கியது. அதற்கு மேலே பாதுகாப்பாகப் பறக்க ஐந்து சிறிய கப்பல்களில் 106 சீஃபயர்கள். ஐந்தில் நான்கு, சரக்குக் கப்பலின் உடம்பில் தளம் போட்டவை. வேகம் மணிக்கு 17, 18 நாட்தான். கப்பல் வேகமாக ஓடி, எதிர்க்காற்றும் அடித்தால் விமானம் மெதுவாக வந்து உட்காரலாம். அன்றைக்குக் காற்றே இல்லை. கடல் கண்ணாடி மாதிரி கிடந்தது. விமானங்கள் வேகமாக வந்து விழுந்தன. கால் முறிந்தது, புரொப்பல்லர் உடைந்தது, கொக்கி பிய்ந்தது. மூன்றாம் நாள் விடியும்போது பறக்கத் தயாராக இருந்தவை 39 மட்டுமே. மற்றவற்றில் பெரும்பாலானவற்றை உடைத்தது எதிரி இல்லை, அந்தத் தளம்தான்.

ஓட்டியவர்கள் பெரும்பாலும் இருபது, இருபத்திரண்டு வயசுப் பையன்கள். சண்டையில் ஜெயித்துத் திரும்பி வந்து, வீட்டு வாசற்படியில் தடுக்கி விழுந்து சாவது மாதிரி. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனம் கனக்கிறது. தளத்தில் நின்று விமானம் வருவதைப் பார்த்தவனுக்கு அந்தச் சில நொடி என்ன என்று தெரியும்.

இப்படிச் சொன்னதால் சீஃபயர் வீண் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பிரிட்டிஷ் கடற்படைக்கு அன்றைக்கு வேறு வழியில்லை. பிறகு கால்களைப் பலப்படுத்தினார்கள், விமானிகளைப் பழக்கினார்கள். 1945 ஜனவரியில் திருகோணமலையிலிருந்து பசிபிக் நோக்கிக் கிளம்பிய கப்பல்களில் இண்டிஃபேட்டிகபிள் என்பது சீஃபயர்களைச் சுமந்து போனது. மற்றக் கப்பல்களில் பெரும்பாலும் அமெரிக்காவின் ஹெல்கேட், கோர்சேர். இரண்டும் காற்றில் குளிர்பவை. அவற்றை வெகுதூரத் தாக்குதலுக்கு அனுப்பிவிட்டு, எரிபொருள் அதிகம் கொள்ளாத சீஃபயரைக் கப்பல் கூட்டத்துக்கு மேலேயே காவல் வைத்தார்கள். அந்தக் காவலுக்கு அதன் வேகம் ரொம்பவும் உதவியது. 1945 ஆகஸ்ட் 15, ஜப்பான் சரணடைந்த அன்று காலைகூட சீஃபயர்கள் ஜீரோக்களோடு மோதின. போரின் கடைசி விமானச் சண்டைகளில் அது ஒன்று. அதில் பாரசூட்டில் குதித்த ஃபிரெட் ஹாக்லி என்ற இளம் விமானி பிடிபட்டு, போர் முடிந்தது என்று அறிவித்த பிறகு அன்றிரவே கொல்லப்பட்டார்.

எங்கள் அப்பாவுக்கு இதைச் சொல்லியிருந்தால் உடனே புரிந்திருக்கும். பருத்தி நெய்யக் கட்டிய தறியில் பட்டு நெய்ய முடியாதா என்றால் முடியும். அச்சை மாற்ற வேண்டும், விழுதை மாற்ற வேண்டும், பாவின் இழுவையை மாற்ற வேண்டும். எல்லாம் மாற்றிய பிறகும் இழை அறுந்துகொண்டே இருக்கும். அறுந்ததை முடிபோட்டு முடிபோட்டு நெய்வதற்குள் நெசவாளிக்குப் பாதி நாள் போய்விடும். பட்டுக்கென்றே கட்டிய தறி வேறு.

இது பழங்கதை மட்டுமில்லை. நம் தேஜஸ் விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது விமானப்படைக்காகத் திட்டமிட்டது. கடற்படைக்கு மாற்றியபோது என்னென்ன செய்தார்கள் தெரியுமா? விமானிக்குத் தளம் தெரிய மூக்கைக் கீழே சாய்த்தார்கள். காலைத் தடிமனாக்கினார்கள். கொக்கி மாட்டினார்கள். அதே பழைய பட்டியல்! இத்தனையும் சேர்ந்து கனம் ஏறியது. 2016 டிசம்பரில் அன்றைய தளபதி அட்மிரல் சுனில் லான்பா, கப்பலிலிருந்து ஆயுதச் சுமையோடு கிளம்ப இந்த விமானம் போதாது என்று வெளிப்படையாகவே சொன்னார். ஆனாலும் வேலையை நிறுத்தவில்லை. 2020 ஜனவரி 11 அன்று விக்கிரமாதித்யா கப்பலில் கடற்படைத் தேஜஸ் கொக்கியை மாட்டி இறங்கியது. 2023 பிப்ரவரியில் புதிய விக்ராந்திலும் இறங்கியது. டிவியில் பார்த்தபோது நான் எழுந்து நின்று கைதட்டினேன், வீட்டில் சிரித்தார்கள்.

சண்டைக்கு அனுப்ப அல்ல, கற்றுக்கொள்ளத்தான் அது பயன்படுகிறது. அதில் கற்றதை வைத்து, கடலுக்கென்றே இரண்டு என்ஜின் விமானம் ஒன்றைத் திட்டமிட்டுக்கொண்டிருக்கிறார்கள். இடைக்காலத்துக்கு ரஃபேல். அதிலும் ஒரு பாடம் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் முதல் வரைபடம் போடும்போதே கரைக்கு ஒன்று, கப்பலுக்கு ஒன்று என்று இரண்டையும் மனதில் வைத்துச் செய்தார்கள்.

பேரனுக்கு நான் சொன்ன பதில் சுருக்கமானது. "கொக்கிய மாட்டலாம்டா கண்ணு. காலையும் மூக்கையும் இறக்கையையும் யார் மாத்துறது?" அவன் மறுபடி ஏதோ கேட்க வாயெடுத்தான், அதற்குள் கிரிக்கெட் ஆரம்பித்துவிட்டது.

சூலூர் இன்று விமானப்படைத் தளம். தேஜஸ் விமானங்கள் அங்கே இருக்கின்றன. எண்பது வருஷத்துக்கு முன்னால் அங்கேதான் வைரி இருந்தது. கோவைப் பக்கம் போகிறவர்கள் தலைக்கு மேலே தேஜஸ் சத்தம் கேட்டால் அண்ணாந்து பாருங்கள். பழைய வைரியையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.